இரண்டாம் பகுதியையும் படிக்க வேண்டும்

குற்றப் பரம்பரைச் சட்டம் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3 அன்று, கைரேகைப் பதிவை எதிர்த்து நின்ற அந்த ஊர் மக்கள் மீது போலீசார் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் மாண்டார்கள். பிறப்பையே குற்றமாக்கிய அந்தச் சட்டத்தைப் பற்றி மேடைகளில் பேசுகிறோம். ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறோம். ஆனால் 1871-இல் அது முதன்முதலாக இயற்றப்பட்டபோது அதில் இரண்டு பகுதிகள் இருந்தன என்பது பலர் அறியாத செய்தி. முதல் பகுதி, சில சாதிகளையும் பழங்குடிகளையும் குற்றவாளிகளாக்கியது. இரண்டாம் பகுதி, வட இந்தியாவில் ஹிஜ்ராக்கள் என்று அறியப்பட்ட திருநங்கையரைக் குறிவைத்தது. சந்தேகத்துக்கு உள்ளானவர்களின் பெயர், இருப்பிடம், சொத்து ஆகியவற்றை அரசு பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பதிவேட்டில் ஏறியவர் பெண்ணுடையிலோ நகை அணிந்தோ தெருவில் தென்பட்டால் பிடியாணை இல்லாமலேயே கைது செய்யலாம். பொது இடத்தில் ஆடினாலும், இசைக்கருவி வாசித்தாலும் இரண்டாண்டு வரை சிறை. உயில் எழுதவும், தானம் கொடுக்கவும், பிள்ளையைத் தத்தெடுக்கவும் அவருக்கு உரிமை கிடையாது.

இந்த விதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் அவற்றின் நோக்கம் புலப்படும். ஹிஜ்ராக்களின் வாழ்க்கை குரு, சேலா (சீடர்) என்ற உறவின் மேல் கட்டப்பட்டது. குருவின் வீடும் பொருளும் சேலாவுக்குப் போகும். ஆடிப் பாடிப் பெறும் காணிக்கையே பிழைப்பு. ஆட்டத்தைத் தடுத்தால் பிழைப்பு போகும். உயிலைத் தடுத்தால் சொத்து போகும். தத்தைத் தடுத்தால் அடுத்த தலைமுறையே இல்லாமல் போகும். வடமேற்கு மாகாண அதிகாரிகள் இந்தச் சமூகம் மெல்ல மெல்ல அழிந்துபோக வேண்டும் என்றே கருதினார்கள் என்பதை வரலாற்றாசிரியர் ஜெசிகா ஹிஞ்சி 2019-இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் ஆவணங்களோடு காட்டுகிறார். அந்தச் சட்டத்தின் நிழல் நெடுங்காலம் நீண்டது. நிஜாம் ஆண்ட ஹைதராபாத்தில் 1919-இல் ஏறக்குறைய இதே வார்ப்பில் ஒரு சட்டம் வந்தது. அதை அரசமைப்புக்கு முரணானது என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் தள்ளியது 2023 ஜூலையில்தான். தென்னிந்தியாவிலேயே, நம் காலத்தில் நடந்த செய்தி இது. ஒரே சட்டத்தின் முதல் பகுதி வரலாறாகவும் இரண்டாம் பகுதி பேசக்கூடாத விஷயமாகவும் இருப்பதற்கு என்ன நியாயம்?

பால்புதுமையினரின் வரலாற்றைப் பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்று சொன்னாலே, எங்கிருந்தோ ஒரு புதிய பாடத்தைக் கொண்டுவந்து மாணவர்கள் தலையில் ஏற்றப் போகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். திருநங்கையர், திருநம்பியர், தன்பாலீர்ப்பாளர்கள் ஆகியோரின் கதை, நாம் ஏற்கெனவே நடத்திவரும் பாடங்களுக்குள்ளேயே இருக்கிறது. அதை வேண்டுமென்றே விட்டுவிட்டுத்தான் பாடம் நடத்துகிறோம். அதைத் திரும்பச் சேர்த்தால்தான் அந்தப் பாடங்கள் உண்மையாகும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஹிட்லரைப் படிக்கிறார்கள். 1933 மே மாதம் பெர்லினில் நாசிகள் புத்தகங்களைக் குவித்து எரித்த படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்தத் தீயில் எரிந்த நூல்களில் பெரும் தொகுதி ஒன்று, மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் 1919-இல் தொடங்கிய பாலியல் ஆய்வு நிறுவனத்தின் நூலகத்திலிருந்து வந்தது. தன்பாலீர்ப்பு குற்றமாகக் கருதப்படக் கூடாது என்று வாதாடியவர் அவர், யூதரும்கூட. மே 6 அன்று நிறுவனத்தைச் சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்து நூல்களைக் கொளுத்தினார்கள். பிறகு ஆயிரக்கணக்கான தன்பாலீர்ப்பு ஆண்கள் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் சட்டையில் இளஞ்சிவப்பு முக்கோணம் தைக்கப்பட்டது. போர் முடிந்து முகாம்கள் திறக்கப்பட்ட பிறகும் அவர்களுக்கு விடிவு பிறக்கவில்லை. அவர்களைத் தண்டித்த 175-ஆவது பிரிவை, நாசிகள் கடுமையாக்கிய அதே வடிவில், மேற்கு ஜெர்மனி 1969 வரை வைத்திருந்தது. இதைச் சொல்லாமல் நாசிக் கொடுமையை விளக்கும் ஆசிரியர் பொய் சொல்லவில்லை. ஆனால் எதேச்சாதிகாரம் முதலில் யாரைத் தேடி வரும், கடைசியில் யாரை விடுவிக்கும் என்ற முக்கியமான பாடத்தை மாணவர் இழக்கிறார்.

இன்னொரு உதாரணம் நமக்கு நெருக்கமானது. மார்ட்டின் லூதர் கிங் காந்தியிடமிருந்து அகிம்சையைக் கற்றார் என்று நம் பிள்ளைகளுக்குப் பெருமையோடு சொல்கிறோம். அந்தப் பாலத்தைக் கட்டியவர்களில் ஒருவர் பேயார்ட் ரஸ்டின். 1948-இல் இந்தியாவுக்கு வந்து காந்திய வழிமுறைகளை நேரில் கற்றவர். 1956-இல் மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பின்போது கிங்கின் அருகிலிருந்து அகிம்சைப் போராட்ட உத்திகளில் ஆலோசனை சொன்னவர். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் சுமார் இரண்டரை லட்சம் பேர் திரண்ட பேரணியை ஒழுங்கு செய்தவரும் அவரே. ஆனால் அவர் தன்பாலீர்ப்பாளர். 1953-இல் அதன் பொருட்டுக் கைதானவர். பேரணிக்குச் சில வாரங்கள் முன்பு, இயக்கத்தைக் கெடுக்க நினைத்த செனட்டர் ஒருவர் அந்தக் கைதையே ஆயுதமாக்கினார். அதனால்தான் ரஸ்டினின் பெயர் பின்னுக்குத் தள்ளப்பட்டது. அதனால்தான் இன்றும் பாடநூல்களில் அவரைக் காண்பது அரிது. 2013-இல், அவர் இறந்து 26 ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது அவருக்கு வழங்கப்பட்டது. காந்தியத்தின் உலகப் பயணத்தைப் படிக்கும் இந்திய மாணவருக்கு அவர் பெயர் தெரியாமல் இருப்பது நம் இழப்பு.

"இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நம் பண்பாட்டில் இல்லாதது" என்பதே அடிக்கடி கேட்கும் மறுப்பு. மேல்நாட்டிலிருந்து வந்தது எது என்பதை வரலாறு தெளிவாகவே சொல்கிறது. மெக்காலே தலைமையில் 1837-இல் வரையப்பட்டு, 1860-இல் நிறைவேறி, 1862 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவுதான் தன்பாலுறவைக் குற்றமாக்கியது. அதே வார்ப்பு இலங்கையில் 365-ஆவது பிரிவாகவும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 377 என்ற அதே எண்ணோடும் நட்டுவைக்கப்பட்டது. தமிழர் வாழும் இந்த நாடுகள் அனைத்துக்கும் பொதுவான காலனிய மரபுரிமை இது. இங்கிலாந்து தன் சொந்தச் சட்டத்தை 1967-இல் தளர்த்தத் தொடங்கியது. சிங்கப்பூர் தன் சட்டத்தின் கடைசிப் பகுதியை 2022-இல் நீக்கியது. இலங்கையிலும் மலேசியாவிலும் இன்னும் நீடிக்கிறது.

அதற்காக, ஆங்கிலேயர் வருவதற்கு முன் எல்லாம் பொன்னுலகமாக இருந்தது என்று சொல்வதும் வரலாறு ஆகாது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் திருநங்கையரை உயர்திணையில் வைத்து, அவர்களைப் பற்றிப் பேசும்போது வினை எப்படி முடிய வேண்டும் என்று விதி வகுக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலில் பேடிக் கோலத்தில் ஆடும் ஆடலும் ஒன்று. கூவாகத்தில் அரவானைக் கணவனாக ஏற்றுத் தாலி கட்டிக்கொள்ளும் சித்திரைத் திருவிழா இன்றும் நடக்கிறது. மறுபக்கம், அவைக்கு அஞ்சுகிறவரின் கல்வியைத் திருக்குறள் பேடியின் கையிலுள்ள வாளுக்கு ஒப்பிடுகிறது. ஏற்பும் இழிவும் ஒரே மரபில் கலந்தே கிடக்கின்றன. இரண்டையும் மாணவர் முன் வைத்து, ஏன் இப்படி என்று கேட்க வைப்பதுதான் கல்வி. புகழ்வதற்கு மட்டும் வரலாற்றை எடுத்துக்கொண்டால், மறைப்பதற்கு மட்டும் எடுத்துக்கொள்பவர்களுக்கும் நமக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

"பிள்ளைகளுக்கு இந்த வயதில் இதெல்லாம் தேவையா?" என்ற கேள்வியை இளக்காரமாகத் தள்ளிவிட முடியாது. வயதுக்கு ஏற்றபடி சொல்ல வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு அடியில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஷாஜகான் மும்தாஜுக்காகத் தாஜ்மகால் கட்டினார் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லும்போது எந்த ஆசிரியரும் பாலியல் பாடம் நடத்துவதாக நினைப்பதில்லை. ஒருவர் யாரை நேசித்தார், அதற்காக அரசு அவரை என்ன செய்தது என்பது பொதுவாழ்வின் செய்தி. ஆலன் டூரிங் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ரகசியக் குறியீடுகளை உடைக்க உதவியவர். கணினி அறிவியலுக்கு அடித்தளம் இட்டவர். 1952-இல் தன்பாலுறவுக் குற்றத்துக்காக அவரைத் தண்டித்து, சிறைக்குப் பதிலாக ஹார்மோன் ஊசி போட்டார்கள். 1954-இல் 41 வயதில் இறந்தார். 2013-இல் அரச மன்னிப்பு கிடைத்தது. 2021-இல் ஐம்பது பவுண்டு நோட்டில் அவர் படம் ஏறியது. கணினி படிக்கும் பதினாறு வயது மாணவருக்கு இதில் கேட்கக்கூடாதது எதுவும் இல்லை.

மௌனமாக இருந்துவிட்டால் யாருக்கும் கேடில்லை என்ற எண்ணத்தைப் பிரிட்டன் சோதித்துப் பார்த்துவிட்டது. அப்பாவோடும் அவருடைய ஆண் துணைவரோடும் வாழும் ஒரு சிறுமியைப் பற்றிய டேனிஷ் சிறுவர் நூலின் ஆங்கிலப் பதிப்பு 1980-களில் அங்கே பெரிய அரசியல் புயலைக் கிளப்பியது. அதன் தொடர்ச்சியாக மார்கரெட் தாட்சர் அரசு 1988-இல் உள்ளாட்சிச் சட்டத்தில் 28-ஆவது பிரிவைக் கொண்டுவந்தது. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது என்றது அது. அந்தப் பிரிவின்கீழ் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. சட்டப்படி அது பள்ளிகளை நேரடியாகக் கட்டுப்படுத்தவும் இல்லை. அப்படியிருந்தும் எது 'ஊக்குவிப்பு' என்று தெரியாத ஆசிரியர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு மாணவரை மற்றவர்கள் கேலி செய்து அடித்தால்கூட, காரணத்தைச் சொல்லிக் கண்டிக்கத் தயங்கினார்கள். எய்ட்ஸ் அச்சம் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில், தகவல் மிகவும் தேவைப்பட்ட இளைஞர்களுக்குப் பள்ளியிலிருந்து ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. ஸ்காட்லாந்து 2000-இலும், இங்கிலாந்தும் வேல்ஸும் 2003-இலும் அதை நீக்கின. 2009-இல் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் டேவிட் கேமரனே அந்தச் சட்டத்துக்காக மன்னிப்புக் கேட்டார். ஒரு தலைமுறை மாணவர்கள் பள்ளியை முடித்துப் போன பிறகு வந்த மன்னிப்பு அது.

வேறு வழி உண்டு என்பதைக் காட்டியது கலிஃபோர்னியா. 2011-இல் நிறைவேறி 2012 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், அந்த மாநிலத்தின் வரலாற்றிலும் சமூக அறிவியலிலும் பால்புதுமையினரின் பங்களிப்பையும், மாற்றுத்திறனாளிகளின் பங்களிப்பையும் சேர்த்துக் கற்பிக்கச் சொன்னது. தனிப்பாடம் எதுவும் வைக்கவில்லை. 2016-இல் வந்த பாடத்திட்ட வழிகாட்டியில் அது வகுப்புக்கு ஏற்றபடி பிரிந்து நிற்கிறது. இரண்டாம் வகுப்பில், குடும்பங்கள் பலவகை என்பதோடு சரி. மேல்வகுப்பில், 1950-களில் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அதே வேகத்தில் தன்பாலீர்ப்பாளர்களையும் அரசு வேலையிலிருந்து விரட்டிய வரலாறு, பனிப்போர்ப் பாடத்துக்குள்ளேயே வருகிறது. சட்டம் வந்து, வழிகாட்டி வந்து, புதிய பாடநூல்களுக்கு ஒப்புதல் கிடைக்க 2017 நவம்பர் ஆகிவிட்டது. பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது. செய்ய முடியாத வேலை இல்லை.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குச் சான்று இருக்கிறது. யுனெஸ்கோவும் சென்னையைச் சேர்ந்த சகோதரன் அமைப்பும் இணைந்து தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வில், பால் சிறுபான்மை இளைஞர்களில் 60 விழுக்காட்டினர் நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னார்கள். படிப்பைப் பாதியில் நிறுத்தியதற்குக் கேலியும் கொடுமையும் முக்கியக் காரணம் என்றவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர். அமெரிக்காவில் க்ளிசன் (GLSEN) அமைப்பு நடத்திவரும் கணக்கெடுப்புகள், இந்த வரலாற்றைப் பாடத்தில் சேர்த்த பள்ளிகளில் கேலி குறைவாகவும், மாணவர்களின் பாதுகாப்புணர்வு கூடுதலாகவும் இருப்பதைத் தொடர்ந்து காட்டுகின்றன. பாடம்தான் ஒரே காரணம் என்று இதைக் கொண்டு முடிவு கட்ட முடியாது; இத்தகைய பாடத்தை ஏற்கும் பள்ளி மற்ற விதங்களிலும் கனிவான பள்ளியாக இருக்கலாம். ஆனால் வகுப்பில் ஒரு முறைகூட மரியாதையோடு சொல்லப்படாத பெயர், மைதானத்தில் வசைச்சொல்லாக மட்டுமே புழங்கும் என்பதை எந்த ஆசிரியரும் அறிவார்.

பெற்றோரின் உரிமை என்ன ஆகும் என்பது நேர்மையான கேள்வி. 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மேரிலாந்து மாநிலத்தின் ஒரு மாவட்டத்தில் இத்தகைய கதைப் புத்தகங்கள் நடத்தப்படும் வகுப்பிலிருந்து, மத நம்பிக்கையின் பேரில் தம் பிள்ளைகளை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு வழி இருக்க வேண்டும் என்று கூறியது. பெற்றோருக்குத் தெரியாமல் எதையும் நடத்தக் கூடாது. பாடநூல் வெளிப்படையாக அவர்கள் கைக்கு வர வேண்டும். அவர்கள் கேள்விக்குப் பள்ளி பதில் சொல்ல வேண்டும். இவை எல்லாம் சரி. வீட்டில் எதை நம்புவது என்பது அந்தக் குடும்பத்தின் உரிமை. ஆனால் 1871-இல் ஒரு சட்டம் இருந்தது, 2018-இல் 377-ஆவது பிரிவு பற்றி ஒரு தீர்ப்பு வந்தது என்பவை நடந்த உண்மைகள். தீண்டாமையைப் பற்றியோ உடன்கட்டையைப் பற்றியோ தம் பிள்ளை படிக்கக் கூடாது என்று யாரும் கேட்டால் நாம் ஒப்புவதில்லை.

வரலாற்றாசிரியர்களிடமிருந்தும் ஒரு எச்சரிக்கை வருகிறது: இன்றைய அடையாளப் பெயர்களைப் பழங்கால மனிதர்கள் மேல் ஒட்டக் கூடாது. அதை ஏற்கத்தான் வேண்டும். ஒருவர் எப்படி வாழ்ந்தார், தன்னை எப்படிச் சொல்லிக்கொண்டார், சட்டமும் சமூகமும் அவரை எப்படி நடத்தின என்று சான்றோடு சொன்னால் போதும். சான்று இல்லாத இடத்தில் ஊகம் வேண்டாம். இந்தக் கவனம் எல்லா வரலாற்றுப் பாடத்துக்கும் தேவையானதுதான்.

நம் மாநிலத்தில் இந்தப் பாடத்துக்கான பொருள் நிறையவே இருக்கிறது. 2008 ஏப்ரலில் திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் இது. ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காத உடலோடு பிறக்கும் குழந்தைகளுக்குத் தேவையற்ற பாலின அறுவை செய்யக் கூடாது என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அரசு அதற்கு ஆணையும் பிறப்பித்தது. 2021 ஜூன் 7 அன்று அதே உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாதுகாப்புக் கேட்டு வந்த இரு பெண்களின் வழக்கில், தமக்கு இந்த விஷயத்தில் போதிய தெளிவு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். பள்ளி, கல்லூரிகளிலும் விழிப்புணர்வு வேண்டும் என்று அதிலேயே உத்தரவிட்டார். பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் மேல்நிலைத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றார். இவையெல்லாம் நல்ல தொடக்கம். ஆனால் ஒரு சாதனையாளரை மட்டும் காட்டி, அவரைப் போன்றவர்களை ஒன்றரை நூற்றாண்டு காலம் சட்டம் எப்படி நடத்தியது என்பதைக் காட்டாவிட்டால், தடைகளைச் சொல்லாமல் ஓட்டத்தை மட்டும் சொன்னதாகவே ஆகும்.

தேசிய அளவில் நடந்தது வருத்தம் தருவது. திருநர் குழந்தைகளைப் பள்ளிகளில் எப்படி அரவணைப்பது என்று ஆசிரியர்களுக்காக என்.சி.இ.ஆர்.டி. ஒரு கையேட்டைத் தயாரித்து 2021 அக்டோபர் இறுதியில் இணையத்தில் ஏற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அது எடுக்கப்பட்டது. ஆசிரியர்கள் தயாராக இல்லை என்று சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தயார் செய்யும் கருவியையே பறித்துவிட்டு, தயாராக இல்லை என்று சொல்வது சரியான காரணம் ஆகாது.

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. குற்றப் பரம்பரைச் சட்டம் வரும் பாடத்தில் அதன் இரண்டாம் பகுதியை ஒரு பத்தியில் சேர்க்கலாம். அடிப்படை உரிமைகள் பாடத்தில், 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் 377-ஐத் தளர்த்தியதையும், 2013-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பக் கொண்டுவந்ததையும், 2014-இல் திருநரின் பாலின அடையாளத்தை ஏற்றதையும், 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமித்து, வயது வந்தோர் மனமொத்து வாழ்வது குற்றம் ஆகாது என்று அறிவித்ததையும் வரிசையாகச் சொல்லலாம். நீதிமன்றம் தவறு செய்யும், திருத்திக்கொள்ளவும் செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல குடிமையியல் பாடம் கிடைப்பது அரிது. ஹிட்லர் பாடத்தில் இரண்டு வரி. கணினி அறிவியலில் டூரிங்குக்கு ஒரு பெட்டிச் செய்தி. இவற்றை நடத்த ஆசிரியர்களுக்குச் சில நாள் பயிற்சி. பாடச்சுமை கூடாது, பாடத்தின் நேர்மை கூடும்.

அந்த 2018 தீர்ப்பில் நீதிபதி இந்து மல்கோத்ரா, இந்த மக்களிடமும் அவர்கள் குடும்பங்களிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்ற பொருள்பட எழுதினார். நடந்தது என்னவென்றே தெரியாத தலைமுறையால் அந்த மன்னிப்பைக் கேட்க முடியாது. தமிழ்நாட்டின் பாடநூல் குழு அடுத்த முறை சமூக அறிவியல் நூலைத் திருத்தும்போது, 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தை முழுமையாக எழுத வேண்டும்.